பெயரில் பாதியை விழுங்கிய மாமிக்கு

மாமி,

நீங்கள் போய் ஒரு மாதமும் ஏழு நாளும் ஆகிறது. உங்கள் அறை யன்னலை நான் ஒருநாளும் சாத்தவில்லை. பாயை வெயிலில் போட்டேன், தலையணையை எரித்தேன், நிலத்தை மூன்று தரம் கழுவினேன். இன்று காலை கதவைத் திறந்தால் அந்தத் தைல மணம் அப்படியே நிற்கிறது. முழங்காலுக்குப் பூசிப் பூசிச் சுவரெல்லாம் ஏறிப்போன மணம். உயிரோடு இருந்தபோதும் உட்கார்ந்த இடத்தை விட்டு இலேசில் எழும்ப மாட்டீர்கள். செத்த பிறகும் அதே குணம்.

செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். அதற்கு உங்களுக்கு ஊர் நிறைய ஆள் இருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த கை, பசித்தவனுக்குச் சோறு போட்ட கை என்று எட்டாம் நாள் சடங்குக்கு வந்த பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்தக் கை என் பக்கம் நீண்டது வேறு விதமாக. பதின்மூன்று வருடம் உங்களோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய மருமகள் நான். எனக்கும் சொல்ல இருக்கிறது. இப்போது நீங்கள் குறுக்கே பேச மாட்டீர்கள் என்பது ஒரு வசதி.

நான் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிப் பெண். என் அப்பா தச்சர். தமிழுக்குள் பழைய போர்த்துக்கீசச் சொற்களைக் கலந்து பேசுகிற வீடு எங்களுடையது. உங்கள் மகன் அப்பாவின் பட்டறைக்கு வேலை பழக வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நமது பக்கத்து வழக்கம் பெண்ணுக்கு வீடு கொடுப்பது, மாப்பிள்ளை அங்கே போய் இருப்பது. வாடகை வீட்டில் நாலு பெண்களை வளர்த்த என் அப்பாவிடம் கொடுக்க வீடு ஏது? நான்தான் ஒரு பெட்டியோடு செட்டிபாளையத்துக்கு வந்தேன். படலையைத் திறக்கும்போதே நீங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“மாப்பிள்ள ஊட்டுக்குப் பொம்புள வாற காலமும் வந்திட்டுது கா. வளவும் இல்ல, குடியும் இல்ல.”

வளவு என்ற வீடும் நிலமும் இல்லாததை நான் தாங்கிக்கொண்டேன். குடி என்றால் என்ன என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. பிறகு கண்ணகை அம்மன் சடங்கில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று கூப்பிடும்போது தெரிந்துகொண்டேன். அது தாய் வழியாக வருகிற குலம். தாய் பறங்கி என்றால் பிள்ளையைக் கூப்பிட அங்கே ஒரு குடியும் இல்லை. வயிற்றில் பிள்ளை உண்டாகும் முன்னமே அதற்கு நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் பெயர் வைத்தோம். முற்றத்தில் இருபது பேராவது இருந்தார்கள். உங்கள் மகன் பிள்ளையைக் கையில் வாங்கி, “என்ட மாமிட பேரில பாதி, எங்கட அம்மாட பேரில பாதி. மரியபாக்கியம்” என்றார். என் அம்மா மரியா. அந்தப் பெயர் எங்கள் ஆட்களோடு கப்பலில் வந்த பெயர். எங்கள் வீட்டில் மரியா என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாக்கியம் இந்த மண்ணின் பெயர், தெருவுக்கு ஒரு பாக்கியம் இருப்பாள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த இரண்டையும் இப்படிச் சேர்த்து வைப்பது புதிதும் இல்லை. உங்கள் மகன் தச்சன் அல்லவா, இரண்டு பலகையை இழைத்துப் பொருத்தியது போலப் பொருத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்.

உங்கள் முகத்தில் இரத்தம் இல்லை. வெற்றிலைத் தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனீர்கள். அன்றைக்கு நீங்கள் சோறு தின்னவில்லை. பறங்கிச்சியின் பெயரோடு உங்கள் பெயரை ஒட்டிவிட்டான் என்ற கோபம் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். நான் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“அந்த முன்னால உள்ளத எடுத்துப்போடு மனே. ஊருக்குள்ள செல்லிக் கூப்பிட ஏலாது.”

“ரெண்டும் வேணும் எண்டுதானே அம்மா வச்ச.”

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்களும் விடவில்லை. அன்றிலிருந்து என் மகள் உங்கள் வாயில் பாக்கியம். முன்பாதியை மீன் முள்ளைத் துப்புவது போல் துப்பிவிட்டீர்கள். நான் மட்டும் சளைத்தவளா? எனக்கு அவள் மரியா. முற்றத்தில் நின்று நீங்கள் ‘பாக்கியம்’ என்றால், நான் குசினியிலிருந்து ‘மரியா’ என்பேன். பிள்ளை யாரிடம் முதலில் ஓடுகிறாள் என்பதுதான் போட்டி. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். பெயரை உடைத்ததில் நாம் இரண்டு பேரும் ஒரே சட்டியைத்தான் உடைத்தோம். அது அப்போது எனக்குத் தெரியவில்லை. முழுப் பெயரையும் சொல்ல அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். பின்னேரம் சைக்கிளைச் சாத்திவிட்டு, “மரியபாக்கியம் எங்க?” என்று கேட்டுக்கொண்டு வருவார்.

கடல் வந்த வருடம் அவளுக்கு ஏழு வயது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அவளை நகரத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகச் சட்டை உடுத்தி நிறுத்தியிருந்தேன். நீங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “புள்ளைக்கு மேல் காயுது, நீ வேணுமெண்டாப் போ” என்றீர்கள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, உங்களுக்கும் அது தெரியும். பிள்ளை தனியே நிற்கும் என்று அவரும் நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன். நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தபோது, கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊர்களே இல்லை என்று கத்திக்கொண்டு சனம் ஓடி வந்தது.

இரண்டாம் நாள் அவரைக் கண்டுபிடித்தார்கள். பனைகளுக்கு இடையில் கிடந்தார். கையில் இருந்த தழும்பை வைத்து நான்தான் அடையாளம் சொன்னேன். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. பிள்ளையும் இல்லை, நீங்களும் இல்லை. சனத்தைத் தங்க வைத்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். சுவரில் பெரியவர்கள் பட்டியலில் பாக்கியங்கள் நிறைய, உங்களைப் பிரித்தெடுக்க முடியவில்லை. தப்பிய பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக எழுதி ஒட்டியிருந்தார்கள். ஊர் இல்லை, வயது இல்லை, அவசரத்தில் எழுதிய வெறும் பெயர்கள். விரலை வைத்து வைத்து வாசித்தேன். மரியபாக்கியம் இல்லை. மரியா என்று இருந்த ஒருத்தியை விசாரித்தால் கைக்குழந்தை. நடுவில் பாக்கியம் என்று ஒரு பெயர் இருந்தது, மாமி. என் விரல் அதைத் தாண்டிப் போனது.

நீங்கள் அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஏழு வருடம் கேட்ட காது. ஆனால் அதை என் பிள்ளையின் பெயர் என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பாக்கியம் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பதினொரு நாள் என் மகள் செத்திருந்தாள். அப்பனுக்கும் மகளுக்குமாகச் சேர்த்துப் பூசை ஒப்புக்கொடுத்தோம். பங்குச் சுவாமி இரண்டு பெயரையும் வாசித்தார். என் அம்மா நிலத்தில் விழுந்து கிடந்தார். எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை. அவளுக்கு உடுத்திய நத்தார்ச் சட்டையின் பொத்தான் ஒன்று தளர்ந்திருந்ததை, தைக்காமல் வந்துவிட்டேனே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் உங்கள் ஊர்த் தோணிக்காரர் ஒருவர் சந்தையில் என்னைக் கண்டு நின்றார்.

“நீ இஞ்ச என்ன புள்ள செய்றாய்? உன்ட மாமி படுவான்கரையில பள்ளிக்கூடத்தில கிடக்கா. புள்ளையும் நிக்குது.”

உப்புநீர்க் களப்பைக் கடந்து மேற்குக் கரைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. வகுப்பறை மூலையில் நீங்கள் காலில் கட்டோடு இருந்தீர்கள். அவள் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைத் தூக்கி மூச்சு முட்ட அணைத்துவிட்டு, ஏன் முழுப் பெயரையும் கொடுக்கவில்லை என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதில் இன்றைக்கும் என் நெஞ்சில் கொதிக்கிறது.

“பாக்கியம் எண்டு எழுதித்தானே கிடக்கு? வாசிக்கத் தெரியாதா உனக்கு? நீ கோயில் கோயிலெண்டு போனாய், கடல் இஞ்ச வந்திட்டுது.”

நான் கையை ஓங்கினேன். பிள்ளை நடுவில் வந்து நின்றதால் நீங்கள் தப்பினீர்கள், நானும் தப்பினேன்.

கடல் துரத்தி வர, அவளைத் தோளில் வைத்துக்கொண்டு களப்புக்குள் இறங்கியவர் நீங்கள்தான். கழுத்தளவு தண்ணீரில் நின்றதையும், தோணி வரும்வரை அவளுக்குக் கதை சொன்னதையும் அவளே எனக்குச் சொன்னாள். அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. காப்பாற்றித் தந்த கையே அவளை எனக்கு ஒளித்தும் வைத்தது, நான் எந்தக் கையைப் பிடிப்பது?

புது வீடு கிடைத்தபோது நான் பிரிந்து போயிருக்கலாம். பிள்ளை உங்களை விட்டு வரமாட்டேன் என்றாள். ஆகவே ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டோம். கிழக்கில் சண்டை முடிந்துகொண்டிருந்த நாட்களில் வீட்டுக்கு வீடு பெயர் பதிந்து, அடிக்கடி வந்து ஆள் எண்ணினார்கள். அந்தப் பதிவில் மகளின் முழுப் பெயரையும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் படலையடியில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஆமிக்காரனோடு வந்த தமிழ்ப் பையன் பட்டியலை வாசித்தான். “மரியபாக்கியம்.” நீங்கள் ஒரு அடி முன்னால் வைத்தீர்கள்.

“நீங்க பாக்கியமெல்லோ? இது சின்னப் புள்ளட பேர்” என்று அவன் முறைத்தான்.

“காது கேக்கல்ல மனே” என்றீர்கள்.

பூனை நடந்தாலே கேட்கிற காது உங்களுடையது. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பேத்தியைப் பின்னால் மறைக்கப் பார்த்தீர்கள் என்று நினைத்து, வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் மெச்சவும் செய்தேன்.

வடக்கிலும் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்ன பிறகு, பாதையில் நின்ற சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நீங்கள் அதைக் கொஞ்ச நாள்தான் கண்டீர்கள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் இல்லை. எட்டு முடிந்த மறுநாள், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு மூதாட்டி கையில் செபமாலையோடு படலையடியில் நின்றார். தன்னாமுனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“மரியபாக்கியத்திட ஊடு இதுதானே புள்ள?”

“ஓம். அவள் பள்ளிக்குப் போயிட்டாள். என்ன காரியம்?” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “பள்ளிக்கா? நான் கேக்கிறது என்னோட படிச்ச மரியபாக்கியத்த கா. செத்துப்போனாள் எண்டு கேள்விப்பட்டு வாறன்.”

நான் வாசலிலேயே இருந்துவிட்டேன். அவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட எழும்பவில்லை.

அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன், நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது அது. உங்கள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தன. மாதாவைக் கும்பிடும் வேதக்காரரும் சைவரும் அடுத்தடுத்த வளவில் இருந்த ஊர். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி உங்கள் அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். நாலாவது நீங்கள், தங்கினீர்கள். சைவத்தை விடாமலே மாதாவின் பெயரை முன்னாலும், தன் தாயின் பெயரைப் பின்னாலும் வைத்தார். கலியாணம் ஆகும்வரை ஊரெல்லாம் உங்களை முழுப் பெயரால்தான் கூப்பிட்டது. உங்களுக்கும் வீடு வளவு கொடுக்க வழி இருக்கவில்லை. நீங்களும் ஒரு பெட்டியோடு மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் வந்தீர்கள். கோயில் காரியம் பார்க்கிற குடும்பம், அந்த முன்பாதி இந்தப் படலைக்குள் வரக்கூடாது என்று சொல்லித்தான் உங்களை எடுத்தார்கள்.

“கலியாணத்துக்கு மறுகா ஒருக்கா வந்தன். என்னைக் காணாத மாதிரி உள்ள போயிட்டாள்” என்றார் அந்த அம்மா. அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் வந்தது.

அறியாமல் செய்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். நீங்கள் எல்லாம் அறிந்தவர். வளவில்லாமல் வந்து நிற்பது என்னவென்று அறிந்தவர், பாதிப் பெயரோடு வாழ்வது என்னவென்று அறிந்தவர். பட்டதையெல்லாம் ஒன்று விடாமல் எனக்கும் என் பிள்ளைக்கும் பரிமாறினீர்கள். பெயர் வைத்த அன்று நீங்கள் வெளிறியது வெறுப்பினால் அல்ல, பயத்தினால். மகன் எதையோ கண்டுபிடித்துவிட்டான் என்று நடுங்கியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரிந்துதான் வைத்தாரா, தற்செயலா? கேட்க ஆள் இல்லை. ஒரு சொல், மாமி. “அது என்ட பேர்” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேன். அந்தச் சுவரின் முன்னால் என் விரலும் நின்றிருக்கும்.

முப்பத்தோராம் நாள் களப்புக் கரையில் கிரியை. உங்கள் கொழுந்தனின் மகன் ஈர வேட்டியோடு இருந்தார். ஊர் முழுக்க நின்றது. குருக்கள், “மோட்சம் போனவவிட பேர்?” என்று கேட்டார். அவர் “பாக்கியம்” என்றார். நான் பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

“இல்ல ஐயா. மரியபாக்கியம்.”

கொழுந்தன் மகன் திரும்பினார். “அது புள்ளட பேரெல்லோ மச்சாள்? உசிரோட நிக்கிற புள்ளட பேர இதுக்குள்ள செல்லலாமா?”

“அது மாமிட பேர். பிறந்தண்டு வச்ச பேர். பாதியச் செல்லிப் பாதி ஆள அனுப்பாதீங்க.”

உங்களுக்கு நல்லது செய்ய நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள் ஐம்பது வருடமாக மூடி வைத்ததை ஊருக்கு முன்னால் திறந்து போட வேண்டும், எல்லாரும் பார்க்க வேண்டும் என்ற கொதியில்தான் சொன்னேன். குருக்கள் ஒரு கணம் யோசித்துவிட்டு, முழுப் பெயரையும் சொல்லித் தண்ணீர் விட்டார். நான் ஊரின் முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் அதிரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வயதான பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், “ஓம் கா, அந்தக் காலத்தில அப்பிடித்தான் கேள்வி” என்றாள். மற்றவள் தலையை ஆட்டினாள். அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. யாருக்குப் பயந்து அதை ஒளித்தீர்களோ, அவர்கள் எப்போதோ அறிந்து, எப்போதோ மறந்தும் போயிருந்தார்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. உங்கள் மகன் போனபோது வராத அழுகை. உங்களுக்காக அழுகிறேன் என்று ஊர் நினைத்தது, நினைக்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் என் கையைப் பிடித்தாள். பன்னிரண்டு வயதாகிறது, இப்போதெல்லாம் கை பிடிப்பதில்லை.

“அம்மா, என்ட பேர் அப்பம்மாட பேரா?”

“ஓம்.”

“முழுசுமா?”

“முழுசும்தான்.”

படலையடிக்கு வந்தோம். பிறகு, “அப்ப ஏன் நீங்க பாதியக் கூப்பிடுறீங்க?” என்றாள்.

உங்கள் மீது சொல்ல வைத்திருந்த குற்றமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் என் பக்கம் திரும்பி நின்றது.

உங்களை நான் மன்னிக்கவில்லை, மாமி. அந்தப் பதினொரு நாளை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது. நீங்கள் மீண்டும் வந்து நின்றாலும் நான் முகம் கொடுத்துப் பேசுவேனா தெரியாது. ஆனால் காலையில் எழுப்ப, தலை வாரி இழுக்க, சோற்றுக்குக் கூப்பிட என்று நாளைக்குப் பத்துத் தரம் உங்கள் பெயரை என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பாதி தானாக வருகிறது. பின்பாதி வரும்போது இன்னும் நாக்குக் கசக்கிறது. விழுங்காமல் சொல்லி முடிக்கிறேன். “வாறன் அம்மா” என்று அவள் ஓடி வருகிறாள்.